கற்றலிலும் கற்பித்தலிலும் வாய்மொழியின் பங்கு



ஞாயிற்றுக்கிழமை காலை, ஜாசின் வட்டாரத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் சமய வகுப்பு நடக்கிறது. இருபது பிள்ளைகள் சம்மணமிட்டு அமர்ந்து தேவாரப் பதிகம் ஒன்றைப் பிசகில்லாமல் பாடுகிறார்கள். கேட்பவர் நெஞ்சம் நெகிழ்கிறது. பாடி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "கண்ணு, இப்போது பாடினாயே, அதில் சாமியை என்னவென்று கூப்பிடுகிறார்கள்?" என்று முன்வரிசைச் சிறுமியிடம் அன்போடு கேட்கிறார். சிறுமி ஆசிரியையைப் பார்க்கிறாள். ஆசிரியை கையிலுள்ள நூலைப் பார்க்கிறார். மண்டபத்தில் அமைதி நிலவுகிறது.

இக்காட்சி ஏதோ ஒரு கோயிலில் மட்டும் நடப்பதன்று. நம்மில் பலரும் கண்டதுதான். அந்தச் சிறுமியையோ ஆசிரியையையோ குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் இருவரும் தங்கள் கடமையைச் செய்தவர்கள். நூல் இருந்தது, குரல் இருந்தது, பக்தியும் இருந்தது. இல்லாமற்போனது ஒன்றே ஒன்று. பாட்டின் பொருளைப் பற்றி அவர்கள் அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில்லை.

கற்றலுக்கும் கற்பித்தலுக்கும் வாய்மொழி எந்த அளவு அடிப்படையானது, அதை இழந்தால் எதை இழப்போம், அதைக் காப்பதற்கு நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இம்மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'கேள்வி' என்னும் ஒரே சொல்

தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பிறர் சொல்வதைச் செவியால் கேட்டு அறிவதும் கேள்வி. ஐயம் தோன்றும்போது வினவுவதும் கேள்வி. கேட்பதையும் வினவுவதையும் ஒரே சொல்லால் நம் முன்னோர் குறித்தது சிந்திக்கத்தக்கது. நன்றாகக் கேட்டவனுக்கே வினா பிறக்கும். வினா பிறந்தவனே மீண்டும் கூர்ந்து கேட்பான். இவ்விரண்டும் ஒரு சக்கரம் போலச் சுழல்வதே கல்வி.

திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியுள்ள முறையும் இதையே உணர்த்துகிறது. கல்வி என்பது 40-ஆவது அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42, அறிவுடைமை 43. நூலைக் கற்பதற்கும் அறிவுடையவன் ஆவதற்கும் இடையே கேள்வி என்னும் படி இருக்கிறது. அப்படியைத் தாண்டாமல் அறிவு என்னும் மாடத்தை அடைய முடியாது என்பது குறிப்பு. எழுத்தறியாதவருக்கும் கேள்வியறிவு துணையாகும் என்பதை அவ்வதிகாரம் வலியுறுத்துகிறது.

நமது சமய மரபிலும் இதற்குச் சான்று உண்டு. வேதத்தைத் தமிழ் மரபு 'எழுதாக் கிளவி' என்றது. அது ஏட்டில் பிறந்ததன்று; ஆசான் வாயிலிருந்து மாணவன் செவிக்கு வந்தது. சுவாமிமலையில் முருகப் பெருமான் தந்தைக்கே குருவாக அமர்ந்து பிரணவப் பொருளைச் செவியில் உபதேசித்ததாகப் புராணம் கூறும். மகன் ஆசிரியனாகவும் தந்தை மாணவனாகவும் அமர்ந்த அந்நிகழ்ச்சியில் ஓலையும் எழுத்தாணியும் இல்லை. ஒரு வாயும் ஒரு செவியுமே இருந்தன.

"தட்சிணாமூர்த்தி மௌனமாக அன்றோ உபதேசித்தார்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆல நிழலில் அமர்ந்து சின்முத்திரை காட்டிச் சொல்லாமல் சொன்னார். ஆனால் எதிரே அமர்ந்திருந்தவர்கள் சனகர் முதலான நான்கு முனிவர்கள். கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டு முடித்து, சொல்லால் எட்டமுடியாத எல்லையில் நின்றவர்கள். அத்தகையோருக்கு மௌனம் பாடமாகும். முதலாம் ஆண்டில் படிக்கும் நம் பிள்ளைக்கு ஆசிரியர் வாய் திறந்துதான் ஆகவேண்டும்.

நன்னூல் சொல்லும் கணக்கு

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை இலக்கண நூல் என்ற அளவில் பலரும் அறிவர். ஆனால் அதன் தொடக்கத்தில் உள்ள பொதுப்பாயிரம், கற்பித்தலைப் பற்றிய ஒரு சிறந்த கையேடு என்பதைச் சிலரே அறிவர். ஆசிரியர் எப்படி இருக்கவேண்டும், பாடத்தை எப்படிச் சொல்லவேண்டும், மாணவர் எத்தகையவர், பாடத்தை எப்படிக் கேட்கவேண்டும் என்றெல்லாம் அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அதன் பகுதிகளுக்கு இடப்பட்ட பெயர்களையே பாருங்கள். ஆசிரியர் தொழில் 'பாடம் சொல்லல்'. மாணவர் தொழில் 'பாடம் கேட்டல்'. சொல்லலும் கேட்டலும் சேர்ந்ததே பாடம்.

ஆசிரியராகத் தகாதவர்களுக்கு அந்நூல் தரும் உவமைகள் இன்றைக்கும் பொருந்துவன. ஒருவர் கழற்காய் நிரப்பிய குடம் போன்றவர்; ஒரு வரிசையில் போட்ட காய்கள் வேறு வரிசையில் வெளியே உருள்வதுபோல, தாம் படித்த முறையில் அல்லாமல் முன்பின் மாறிச் சொல்வார். இன்னொருவர் பருத்தி அடைத்த குண்டிகை போன்றவர். பஞ்சை உள்ளே திணிப்பதும் அரிது, வெளியே எடுப்பதும் அரிது. அவர் அறியாதவர் அல்லர். அறிந்ததைச் சொல்லத் தெரியாதவர். மற்றொருவர் கருக்கு மட்டை சூழ்ந்த பனை. அருகில் போக முடியாது, தானாக விழும் பழத்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். நான்காமவர் வளைந்த தென்னை. வேர் இருக்கும் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்ற, காய் அடுத்த வீட்டு முற்றத்தில் விழும்.

அறிவு இருந்தும் அதைச் சொல்லும் திறன் இல்லையென்றால் ஆசிரியத் தகுதி இல்லை என்பதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்துவிட்டார்கள். அத்துடன் நிற்கவில்லை. ஆசிரியர் சினம் கொள்ளாமல், விரைவு காட்டாமல், முகமலர்ச்சியோடு, மாணவனின் கொள்ளும் ஆற்றலை அறிந்து சொல்லவேண்டும் என்றும் நன்னூல் விதிக்கிறது.

எல்லாவற்றிலும் வியப்பானது அது கூறும் கணக்கு. ஆசான் சொன்னதை மாணவன் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பேசி ஆராய்ந்தால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். மீதியுள்ள அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கிடைக்கும்.

இக்கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியரின் பேச்சுக்குக் கால் பங்கு. மாணவரின் பேச்சுக்கு முக்கால் பங்கு! வாய்மொழிக் கல்வி என்றவுடன் ஆசிரியர் பேச, பிள்ளைகள் வாய்மூடி இருப்பதையே நாம் நினைக்கிறோம். நன்னூலின் கருத்து அதுவன்று. பிள்ளை பேசாத வகுப்பில் கல்வி கால் பங்கோடு நின்றுவிடுகிறது.

இதை மேலை நாட்டார் நம்மிடமே கண்டுகொண்டார்கள் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், நாட்டுப்புறப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலை அதுவே.

ஓலை இருந்தும் போதவில்லை

வாய்மொழியின் தேவையை உணர்த்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, நம் சைவத் திருமுறைகளைப் பற்றியது. தேவார ஓலைகள் தில்லையில் பூட்டிய அறையில் கிடந்ததையும், இராசராச சோழ மன்னர் நம்பியாண்டார் நம்பியின் துணையோடு அவற்றை மீட்டதையும், கரையான் அரித்தவை போக எஞ்சியவையே கிடைத்ததையும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. இதுவரை பலருக்கும் தெரியும். இதற்குப் பின் நடந்ததையே நாம் கவனிக்கவேண்டும். ஓலை கிடைத்தது, ஆனால் பண் கிடைக்கவில்லை. எழுத்து இருந்ததே தவிர, அதை எப்படிப் பாடுவது என்பது ஓலையில் இல்லை. பின்னர் எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவர் வாயிலாகப் பண்களை வகுத்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. மன்னனின் அதிகாரமும் புலவரின் புலமையும் மீட்க முடியாத ஒன்றை, தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பாடிவந்த ஒரு குடும்பத்துப் பெண்ணின் குரல் காத்து வைத்திருந்தது. இன்று நாம் பண்ணோடு தேவாரம் ஓதுவதற்கு அவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இரண்டாவது, தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அவர்களைப் பற்றியது. 1855-இல் பிறந்த அவர், 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876-இல் ஆசிரியர் மறையும் வரை உடனிருந்து 'பாடம் கேட்டார்'. அக்காலத்தில் "படித்தேன்" என்று சொல்வதைக் காட்டிலும் "பாடம் கேட்டேன்" என்று சொல்வதே வழக்கம். மாணவர் செய்யுளை வாய்விட்டுப் படிக்க, ஆசிரியர் பொருள் சொல்வார். பிள்ளையவர்கள் புராணங்களைச் செய்யுள் செய்யுளாக மனத்தில் இயற்றி வாயால் சொல்லிவர, அருகிலிருப்பவர் ஓலையில் எழுதுவாராம்.

அத்தகைய ஆசிரியரிடம் பயின்ற ஐயரவர்கள் பின்னாளில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது ஓர் இடர் எதிர்ப்பட்டது. அது சமண சமயக் காப்பியம். ஏட்டுச் சுவடிகள் கிடைத்தன. நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. ஆயினும் சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களைத் தேடிச் சென்று, அவர்கள் வாயால் விளக்கம் கேட்டார். அந்நூல் 1887-இல் வெளிவந்தது. பெரும் புலவராக விளங்கிய ஒருவர், வழிவழியாக அறிந்தோரிடம் பணிவோடு அமர்ந்து கேட்டதால்தான் தமிழுக்கு அக்காப்பியம் ஒளியோடு கிடைத்தது. நூல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோட்டம் என்னும் பள்ளிக்கூடம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக 1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பைக் குறிப்பிடுவர். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1920-களில் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கவேண்டும் என்று விதித்தன. அப்பள்ளிகள் எப்படி இருந்தன என்பதை நம் மூத்தோர் அறிவர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள், கைக்குக் கிடைத்த சில புத்தகங்கள். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்க, மறுபக்கத்துப் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்லுவார்கள். புத்தகப் பஞ்சத்தை ஆசிரியரின் குரல் நிறைவு செய்தது.

பள்ளிக்கு வெளியேயும் கல்வி இருந்தது. நான் ஜாசினுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க நானும் உடன் செல்வேன். கத்தியை எப்படிப் பிடிப்பது, பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகக் கோடு எப்படி இறங்குவது என்று சொல்லிக்கொண்டே வெட்டுவார். "ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், காயம் பட்ட எடத்துல முடிச்சு விழும், அப்புறம் அந்தப் பட்டையில கத்தி ஓடாது" என்பார். ஏன் இருட்டிலேயே வெட்டவேண்டும் என்று கேட்டால், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பார். கண்ணால் பார்ப்பதும், காதால் கேட்பதும், கையால் செய்வதும், மீண்டும் கேள்வி கேட்பதும் ஒரே இடத்தில் நடந்தன. பிற்காலத்தில் ஆசிரியனாகி, பயிற்சிக் கல்லூரியில் கற்ற முறைகள் பலவற்றை, நான் முதலில் அந்த நிரையில்தான் கற்றேன் என்று சொன்னால் அது மிகையன்று.

மாலையில் லயத்து வாசலில் பாட்டிமார் கதை சொல்வார்கள். கோயில் திருவிழாவில் கூத்து நடக்கும். ஒப்பாரியும் தாலாட்டும் காதில் விழும். பிள்ளையின் செவியில் தமிழ் நாள்முழுதும் மழைபோல் பொழிந்துகொண்டிருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில மேம்பாட்டுக்குப் போயின. மக்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். அது முன்னேற்றந்தான், பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிறார்கள். தோட்டத்து வறுமையைத் திரும்ப அழைக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் வறுமையை விட்டுவந்த வேகத்தில், அந்த வாசல் பேச்சையும் அங்கேயே விட்டுவந்துவிட்டோமோ என்ற கவலை எழுகிறது. தாயும் தந்தையும் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறார்கள். பாட்டி வேறு ஊரில் இருக்கிறார். பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. அது ஓயாமல் பேசும். ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்காது.

மலாக்கா செட்டிகள் தரும் பாடம்

இக்கவலை வீண் கவலையா என்று கேட்பவர்கள் நம் மாநிலத்திலேயே ஒரு சான்றைக் காணலாம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் இங்கு வாணிகம் செய்யவந்த தமிழர்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினார்கள். அவர்கள் வழிவந்தோரே மலாக்கா செட்டிகள் என்று அழைக்கப்படும் சமூகத்தார். காஜா பெராங்கில் அவர்களது கிராமம் உள்ளது. மலாக்கா நகரில் 1781-இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களது முன்னோரின் பக்திக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது.

அவர்கள் சைவ நெறியைக் கைவிடவில்லை. பொங்கல் வைக்கிறார்கள், மாரியம்மனை வழிபடுகிறார்கள், முன்னோர்க்குப் படையல் இடுகிறார்கள், அதைப் 'பர்ச்சு' என்று அழைக்கிறார்கள். ஆயினும் தமிழ் அவர்கள் வீட்டுமொழியாக இல்லை. மலாய் மொழியே, சில தமிழ்ச் சொற்கள் கலந்து, அவர்கள் பேச்சு மொழியாயிற்று. அன்னையர் பேசியது மலாய். சந்தையில் வழங்கியது மலாய். தாயகத் தொடர்பும் காலப்போக்கில் குறைந்தது. எவரும் தடை விதிக்கவில்லை. எவரும் விட்டுவிட வேண்டுமென்று முடிவும் செய்யவில்லை. வீட்டில் பேச்சு நின்றது, மொழி நின்றது.

இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. செய்து காட்டியும் உடன் செய்தும் வந்த வழிபாடு பல நூற்றாண்டுகள் நிலைத்தது. இது நமக்கு நம்பிக்கை தருகிறது. அன்றாடம் பேசப்படாத மொழி நிலைக்கவில்லை. இது நமக்கு எச்சரிக்கை தருகிறது. அச்சமூகத்தாரை நாம் மரியாதையோடு போற்றவேண்டும். மொழி போன பின்னும் இறைநெறியைக் காத்த அவர்களது உறுதி நமக்கு வாய்க்குமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

தேசிய மொழியையோ ஆங்கிலத்தையோ குறைத்துச் சொல்வதாக இதை எவரும் கொள்ளவேண்டாம். அவற்றில் நம் பிள்ளைகள் தேர்ச்சி பெறவேண்டும். அவையும் பேசிப் பழகினால்தான் வரும் என்பதும் நாம் அறிந்ததே.

இன்றைய வகுப்பறையில்

தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டம் கேட்டல், பேச்சு என்னும் திறன்களுக்கு முதலிடம் தந்து, அதன் பிறகே வாசிப்பையும் எழுத்தையும் வைத்திருக்கிறது. வரிசை சரியானதே. ஆனால் நீண்ட காலமாகத் தேர்வுத்தாள் எழுத்தையே அளந்தது. 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும்வரை, பெற்றோர் பலரும் கேட்டது "எத்தனை ஏ?" என்பதையே. "என் பிள்ளை நாலு பேர் முன் நின்று பேசுவானா?" என்று கேட்டவர் சிலர்.

கோவிட் பெருந்தொற்றுக் காலம் நமக்கு ஓர் உண்மையைக் காட்டியது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக்கிடந்தன. பயிற்சித் தாள்கள் வாட்சாப் வழியே வீடு வந்து சேர்ந்தன. தாள் வந்ததே தவிர, ஆசிரியரின் குரல் எல்லா வீட்டுக்கும் வரவில்லை. புரியாத இடத்தில் கைதூக்கிக் கேட்க வழியில்லாத பிள்ளைகள் பின்தங்கினார்கள். வகுப்பறையின் உயிர் எது என்பதை அப்போது உணர்ந்தோம்.

ஆசிரியரின் பேச்சில் எங்கே பேசாமல் இருக்கவேண்டும் என்பதும் ஒரு கலை. 1970-களில் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஒரு வினாவைக் கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் தாமே சொல்லிவிடுவார்கள். அல்லது வேறு பிள்ளையைக் கேட்பார்கள். அந்தக் காத்திருப்பை 3 விநாடிக்கு நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் முன்வந்தார்கள். தாங்களே வினா கேட்கத் தொடங்கினார்கள். காசு செலவில்லாத சீர்திருத்தம் இது! விரைவு காட்டாதே என்று நன்னூல் சொன்னதும் இதுவே அன்றோ?

வாய்மொழி ஒன்றே போதும் என்றும் நான் கூறவரவில்லை. வெறும் சொற்பொழிவு காற்றோடு போய்விடும். படமும் பொருளும் செய்கையும் எழுத்தும் அதற்குத் துணை நிற்கவேண்டும். செவித்திறன் குன்றிய பிள்ளைக்குக் கையசைவு மொழியே வாய்மொழி. சொல் வளர்ப்பதுபோலவே கொல்லவும் செய்யும். நாலு பேர் முன் "மக்கு" என்று ஒருமுறை சொல்லப்பட்ட பிள்ளை, அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் கைதூக்குவதில்லை. ஆசிரியராக இருந்த நாளில் நானும் அவ்வாறு சினந்து பேசியதுண்டு. அந்த மாணவரின் தலை குனிந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

நாம் செய்யத்தக்கவை

1. வீட்டில் நாள்தோறும் ஒரு வேளையாவது கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கிவைத்து, பிள்ளையோடு தமிழில் பேசுவோம். "சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் செய்தாயா?" என்பவை உரையாடல் ஆகா. "இன்று பள்ளியில் உனக்கு எது புரியவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.

2. பிள்ளையை ஆசிரியராக்குவோம். இன்று கற்ற பாடத்தைத் தம்பிக்கோ தங்கைக்கோ பாட்டிக்கோ சொல்லிக்காட்டச் சொல்வோம். நன்னூல் கூறும் அரைப் பங்கு அங்கேதான் இருக்கிறது.

3. சமய வகுப்பில் ஒரு பதிகம் பாடி முடித்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல், பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசுவோம். பாடியவர் யார், எந்த ஊரில் பாடினார், அவருக்கு அப்போது என்ன துன்பம் என்று கதையாகச் சொல்வோம். பிள்ளைகளைக் கேட்க விடுவோம். விடை தெரியாத கேள்வி வந்தால், "அடுத்த வாரம் விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூறுவதில் ஆசிரியருக்கு இழுக்கில்லை.

4. நம் வட்டாரத்து மூத்தோர் பலர் தனிமையில் வாழ்கிறார்கள். மெர்லிமாவிலும் அசகானிலும் ஜாசினிலும் தோட்ட வாழ்வை நேரில் கண்ட தலைமுறை அருகிவருகிறது. திங்களுக்கு ஒருமுறை அவர்களைக் கோயில் மண்டபத்துக்கு அழைத்துவந்து பிள்ளைகள் நடுவே அமர்த்திக் கதை சொல்லச் சொல்வோம். அவர்கள் அனுமதியோடு அதைப் பதிவும் செய்துவைப்போம். பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கும். மூத்தோருக்குத் துணை கிடைக்கும்.

5. நன்கொடையாளப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். கட்டடம் எழுப்பவும் கணினி வாங்கவும் நூல்கள் அச்சிடவும் நீங்கள் அள்ளி வழங்குகிறீர்கள். அவை வேண்டியவையே. அவற்றோடு, பேசுவதற்கு ஒரு மனிதரையும் கொடுங்கள். சமய ஆசிரியருக்குப் போக்குவரத்துச் செலவும், ஓதுவார் ஒருவர் வாரந்தோறும் வந்துபோக ஊதியமும், பிள்ளைகளின் பேச்சு அரங்கத்துக்குச் சிற்றுண்டியும் கொடுப்பது கல்வெட்டில் பெயர் பொறிக்கும் கொடையாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணியின் குரல் போல, கரையான் அரிக்க முடியாத கொடை அதுவே.

நிறைவாக, தொடக்கத்தில் கூறிய அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். அவளுக்குப் பாட்டு தெரியும், பண் தெரியும், சொல்லும் தெளிவாக வருகிறது. பாதி வேலை முடிந்துவிட்டது. அவள் அருகில் அமர்ந்து, "இந்தப் பாட்டைப் பாடியவர் சாமியை அப்பா என்று கூப்பிடுகிறார், அம்மா என்றும் கூப்பிடுகிறார். நீ எப்படிக் கூப்பிடுவாய்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். கேட்டுவிட்டு, மூன்று விநாடி பொறுத்திருக்கவும் வேண்டும். அந்த ஒருவராக நாம் ஒவ்வொருவரும் இருக்கலாம்.

தந்தைக்கே செவியில் மறைப்பொருள் உரைத்த சுவாமிநாதப் பெருமான், நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வன்மையும், நமக்குக் கேட்கும் பொறுமையும் தந்தருள அவன் திருவடிகளை வணங்கி அமைகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க அறப்பணி!